ஏழு இல்லாத பலகை

எங்கள் கிளப்பின் ஸ்கோர் பலகையில்
ஏழு கிடையாது.
வைகாசிக் காற்று பிய்த்தெடுத்து
கீழ்மலைத் தேயிலைக்குள் எறிந்துவிட்டது.
ஏழு தேவைப்பட்டால்
ஒன்றைக் கொக்கியில் மாட்டி
அதன் தலையில் சோக்கால் ஒரு கோடு இழுப்பேன்.
தூரத்துக்கு அது போதும்.

முதல் மெச்சுக்குக் கொழும்பிலிருந்து வந்தார்கள்,
குளிரூட்டிய பஸ்ஸில்,
கழுத்தே இல்லாத மனிதர்கள்.
இருபதாவது நிமிஷம்
முழங்காலில் கையூன்றி வாய் பிளந்தார்கள்.
பொகவந்தலாவைக் காற்று மெலிந்தது,
பழகாத நெஞ்சுக்குப் பற்றாது.
இருபத்து நான்குக்குப் பத்து.
ஃபெக்டரி மாடியில் இலை பரத்தும் கிருஷாந்தன்
அன்று இரண்டு ட்ரை வைத்தான்.
விசில் ஊதிய பிறகும் பந்தை விடவில்லை,
லயம்வரை கக்கத்தில் இடுக்கிக்கொண்டே போனான்.

வெளியூர் மெச்சுகளுக்கு நான் போவதில்லை.
போனில் யாராவது சொல்வார்கள்.
ஆளில்லாத கிரவுண்டில்
தகடுகளை மாட்டிவிட்டு வருவேன்,
எதிர்மலையில் கொழுந்தெடுப்பவர்கள் பார்க்கட்டுமென்று.
குருநாகல்: மூன்றுக்கு நாற்பது.
காலி: பன்னிரண்டுக்கு முப்பத்தொன்று.
கண்டியை மட்டும் மாட்டவில்லை.
அவர்கள் பக்கத்துக்கு
இரண்டு ஏழு வேண்டியிருந்தது.

மறுநாள் தேயிலைக்குள் இறங்கினேன்.
"என்னத்தத் தேடுற?" என்றாள் ஒருத்தி,
கிள்ளும் கையை நிறுத்தாமல்.
"ஏழை."
"நிமிந்து பாரு, வரிசையா நிக்கிறோம்."
மலையே சிரித்தது.
தகடு கிடைக்கவில்லை.

ஆனியில் முழுச் சம்பளம். ஆடியில் பாதி.
ஆவணியில் முதலாளி போனை எடுக்கவில்லை.
எட்டாம் நம்பர் ரிஸ்மி
தோஹாவில் ஏதோ கட்டடத்துக்குக் காவல் போனான்.
அவன் ஜேர்சிக்குள் நுழைந்த பள்ளிக்கூடப் பையன்
பாதி மெச் வரை
தன் கைகளைத் தேடிக்கொண்டிருந்தான்.
அப்படியும் இன்னும் இரண்டு வென்றோம்.
ஒன்றில், உண்மையைச் சொன்னால்,
மண்சரிவில் மாட்டி எதிரணி வந்தே சேரவில்லை.

கடைசி மெச்.
வென்றால் இருப்போம், தோற்றால் கீழ்ப் பிரிவு.
காலையிலிருந்தே மழை,
கிரவுண்டின் அந்தப் பாதியைப் பனிமூட்டம் வைத்திருந்தது.
யார் விழுந்தார், யார் மேல் விழுந்தார்,
எலும்பின் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது.
எங்களுக்குப் பதினைந்து. அவர்களுக்குப் பதினேழு.
சோக்கை அழுத்தித்தான் இழுத்தேன்.

பத்தாம் நம்பருக்கு மண்டையில் அடி.
அவ்வளவு நேரம் ஸ்டோர் வாசலில்
குனிந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்த அபினேஷை
பெயர் சொல்லிக் கத்தினார்கள்.
கோட்டைக் கழற்றி என்னிடம் எறிந்துவிட்டு ஓடினான்.
பத்தொன்பது வயது.

நேரம் முடிந்து, இனி பந்து வெளியே போனால் மெச் முடிவு
என்ற கணத்தில்
அவன் கைக்கே பந்து வந்தது.
எதிரே கம்பம். இடையில் ஒருத்தருமில்லை.
ஒரு உதை, மூன்று புள்ளி.
அவன் திரும்பிப் பலகையைப் பார்த்தான்.
நானும் அப்போதுதான் பார்த்தேன்.

பதினைந்து. பதினொன்று.

வாயைத் திறந்தது ஞாபகமிருக்கிறது.
சத்தம் வந்ததா, தெரியாது.
அவன் நிதானமாக, அழகாக,
வேலி தாண்டித் தேயிலைக்குள் பந்தை உதைத்தான்.
இரண்டு கையையும் தூக்கினான்.
எங்கள் பக்கத்தில் சிலரும் தூக்கினார்கள்.
மத்தியஸ்தர் நனைந்த கொப்பியை விரித்து
கப்டன் திலிணவுக்குக் காட்டும்வரை.

பயந்துவிட்டான் என்றார்கள்.
தலைக்குள் தவிடு என்றார்கள்.
கொழும்புக் காசு என்றும் ஒருவர் சொன்னார்.
நான் தகடுகளைக் கழற்றி
ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
எல்லாவற்றிலும் அதிக நேரம் ஒன்றை.

எல்லோரும் போன பிறகு வந்தான்.
வெறும் கொக்கிகளைப் பார்த்தான்.
என் விரல்களில் ஒட்டியிருந்த வெள்ளைக் களியைப் பார்த்தான்.
எவ்வளவு நேரமென்று சொல்ல முடியாது.
பிறகு கையை நீட்டி,
"கோட்டைக் குடுங்க அக்கா" என்றான்.

எந்தக் கோட்டை என்று நான் கேட்கவில்லை.