நான்காம் வரைவு

ஏற்றுமதி என்று சொன்னால்
கீழ்க்கடைச் சிவநேசன் கேட்கிறார்:
நண்டோ தங்கச்சி, இறாலோ?
படம் அண்ணை.
படத்தை ஆர் வாங்கிறது?

ஆரும் வாங்குவதில்லை.
திரையில் கிடக்கும் ஒரு சட்டகத்தைக்
கோப்பாக்கி வெளியே எடுக்கும் கருவி.
அதை இயக்கப்போவது மனிசர் இல்லை.
அந்த மனிசர் இல்லாததுக்கு
வழி எழுதிக் கொடுப்பது என் வேலை,
மாங்குளம் சந்தியில், உரக்கடையின் மேல்மாடியில்,
யூரியா மணக்கும் மூன்று மேசைகளில் ஒன்றில்.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:
தேவையான அளவில் படத்தை எடுக்கவும்.
மனிசர் என்றால் விளங்கிக்கொள்வார்கள்,
அல்லது வாசிக்கவே மாட்டார்கள்.
இது வாசித்தது.
எழுத்து விடாமல் வாசித்து
தேவை எதுவென்று தானே முடிவெடுத்து
விரல்நகமளவு பொத்தான் ஒன்றைப்
பதினாறு மடங்கு பெருப்பித்துத் தந்தது.
கஜீபனின் கணினி விசிறி
இரணைமடுக் கதவு திறந்ததுபோல் இரைந்தது.

இரண்டாம் வரைவில் எண்கள் வைத்தேன்.
மடங்கு: ஒன்று, இரண்டு, மூன்று. அதற்கு மேல் இல்லை.
வகை: பிஎன்ஜி. எஸ்விஜி கேட்டால் மட்டும் எஸ்விஜி.
மூன்றாவதில்: அடையாள எண் இல்லாமல் கூப்பிடாதே,
பெயரை நம்பாதே.
இறுதி என்ற பெயரில் இங்கே ஏழு சட்டகங்கள்,
இறுதி புது என்று இன்னும் மூன்று.

அதோடு சரியென்றே நினைத்தேன்,
செவ்வாய்க்கிழமை வரை.

அன்றைக்கு அனிஸ்ரலாவின் கோப்பு சோதனைக்கு வந்தது.
பள்ளிக்கூட வாசல்களுக்குக் கண்ணிவெடிப் பதாகை:
சிவப்பு, அதன்மேல் வெள்ளை மண்டையோடு,
கீழே இரண்டு மொழியில்
தொடாதே, கிட்டப் போகாதே, அறிவி.
பின்னணி நிறத்தைத் திருத்துவதற்காக
அடுக்குக்குப் பக்கத்திலுள்ள சின்னக் கண்ணை மூடினவள்
திறக்க மறந்து தேத்தண்ணிக்குப் போய்விட்டாள்.

முகவர் வந்தது. எண்ணைக் கொடுத்தது.
இரண்டு மடங்கு, பிஎன்ஜி, நான் எழுதியபடி.
வெற்றிகரமாக முடிந்தது என்றது.
திறந்து பார்த்தால் சிவப்பு.
வெறும் சிவப்பு,
ஐஸ்கிறீம் கடைக்குக் கட்டலாம், அவ்வளவு வடிவு.

கருவியில் பிழையில்லை.
மூடிய அடுக்கு படத்தில் வராது, அது அதன் இயல்பு.
முகவரிலும் இல்லை.
நான் சொல்லவில்லை, அது செய்யவில்லை.
கஜீபன் சிரித்தான்.
அனிஸ்ரலா சிரிக்கவில்லை.
அவள் ஒட்டுசுட்டான் பக்கம்.
வெடி அகற்றியாச்சு என்று கடிதம் வந்து எட்டு வருசம்,
இன்னும் பின்வேலிக்கு அங்காலை மாடு கட்டாத வீடு.

இரவு கரண்ட் போய் வந்தபிறகு எழுதினேன்:

எடுக்க முன் கேள், எந்த அடுக்கு மூடியிருக்கிறது?
மூடியிருப்பதைச் சொல்.
நீயாகத் திறக்காதே,
ஏன் மூடினார்கள் என்று உனக்குத் தெரியாது.
எடுத்த பிறகு பார்.
கோப்பு வந்தது வேறு, படம் வந்தது வேறு.
பார்க்காத ஒன்றை முடிந்தது என்று சொல்லாதே.

கடைசி வரியை வெட்டச் சொன்னான் கஜீபன்.
குறிப்பு மாதிரி இல்லையாம்,
ஏச்சு மாதிரி இருக்காம்.
இருக்கட்டும் என்றேன்.
எதை ஏசினாலும் முகம் கறுக்காத வாசகர்
எனக்கு இதுதான் முதல்தரம்.

ஓர் உதாரணமும் சேர்த்தேன்:
சிவப்பு மட்டும் ஒன்பது கிலோபைட்,
மண்டையோட்டோடும் சொல்லோடும் இருநூற்றுப் பதினாலு.
ஒரே சட்டகம் திடீரென்று மெலிந்தால் சந்தேகப்படு.

படியிறங்கையில் சிவநேசன் கதவு இழுத்துக்கொண்டிருந்தார்.
இண்டைக்கு எவ்வளவு போச்சு, தங்கச்சி?
இருநூற்றுப் பதினாலு கிலோ அண்ணை.
பொய்யில்லை, முக்கால்வாசி.
அவர் பூட்டைக் கையில் பிடித்தபடி
றோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார்.
லொறி ஒண்டையும் நான் காணேல்லையே.