அமுக்கு, பிடி

வில்யாண்டி ஊரைத் தாண்டி, ரயில் பாதையோரம்
நாற்பத்தாறு தகரக் கதவுகள், வரிசையாக.
எங்கள் கராஜ் பத்தொன்பதாவது.
ஏப்ரலிலும் கதவடியில் பனி இறுகிக் கிடக்கும்;
கடப்பாரையால் இரண்டு போடு போட்டால்தான் திறக்கும்.

வண்டிச் சோதனை நிலையத்தில் அந்தப் பெண்
முன் சக்கரத்தருகே குந்தி
பிரேக் குழாயை லேசாக வளைத்துக் காட்டினாள்.
குளிரில் வெடித்த உதடு மாதிரி
ரப்பர் முழுக்கப் பிளவுகள்.
மேலே அச்சிட்டிருந்த வருடம் 1997.
"இதை நம்பியா ஓட்டினீங்க, மாரிகா?"
நம்பவில்லை. நினைக்கவேயில்லை.

ஒர்க்‌ஷாப்பில் நூற்றெண்பது யூரோ கேட்டார்கள்.
எஃகு நூல் பின்னிய புதுக் குழாய்
தபாலில் அறுபத்திநாலுக்கு வந்தது.
மீதியை என் விரல்களிடம் வசூலித்துக்கொண்டேன்.

முதல் போல்ட்டே மசியவில்லை.
ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி பெயர்ந்தது.
யாருமில்லை என்று ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்;
அடுத்த கராஜில் வலேரி
ரேடியோ சத்தத்தைக் குறைத்தார்.

பழைய குழாயில் வடிந்தது
ஆறிப்போன தேநீர் நிறத்தில்.
ஒரு சொட்டு பெட்ரோல் டாங்க்கில் தெறித்ததை
நான் பார்க்கவில்லை.

நான்கு செப்பு வாஷர்கள்,
சட்டைப் பொத்தானை விடச் சின்னவை.
காபிக் கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தேன்.
எண்ணும்போதெல்லாம் நான்கு.
எல்லாவற்றையும் இறுக்கி முடித்துக்
கை துடைத்துக்கொண்டு பார்த்தால்
கிண்ணத்தில் ஒன்று.

மறுபடி கழற்றினேன்.

பிறகு காற்று.
புதுக் குழாய்க்குள் அது மட்டும்தான் இருக்கிறது.
லீவரைப் பிடித்தால்
பாலில் ஊறிய ரொட்டியைப் பிடிப்பதுபோல்
கைப்பிடி வரை வந்து ஒட்டுகிறது.
வெளியேற்ற, மேலே ஒரு கை வேண்டும்,
சக்கரத்தடியில் இன்னொன்று.
எனக்கு அவ்வளவு நீளக் கைகள் இல்லை.

டானெலுக்குச் செய்தி அனுப்பினேன்.
நவம்பரில் அவன் அப்பா ஹெல்சின்கிக்குக் கப்பலேறியதிலிருந்து
வீட்டில் எங்களுக்குள் ஒரு 'ம்', ஒரு 'சரி'.
வந்தான். காதில் மாட்டியதோடு நின்றான்.
கொஞ்ச நேரம் கழித்து
ஒரு காதை மட்டும் கழற்றினான்.

அமுக்கு.
அமுக்கினான்.
பிடி.
கீழே நிப்பிளைக் கால் சுற்று திறந்தேன்.
மீன்தொட்டியிலிருந்து உருவி வந்த டியூப் வழியாக
ஜாம் பாட்டிலுக்குள் குமிழிகள்.
மூடினேன்.
விடு.

மூன்றாவது தடவை முன்னாடியே விட்டுவிட்டான்.
வெளியே போன காற்று
வந்த வழியே உள்ளே ஏறியது.
"மூடிட்டேன்னு நீ சொல்லவேயில்ல."
உண்மைதான், சொல்லவில்லை.
சொல்லாமலே தெரியுமென்று விட்டுவிடுகிற பழக்கம்
எனக்கு பிரேக்கில் மட்டும் வந்ததல்ல.

அதன்பின் எல்லாவற்றையும் சொன்னோம்.
பிடிச்சிருக்கியா. பிடிச்சிருக்கேன்.
திறக்கிறேன். இறங்குது, இறங்குது.
மூடிட்டேன். விடறேன்.
முப்பது தடவை இருக்கும்.
வலேரி ரேடியோவை நிறுத்தியேவிட்டார்.

இருட்டியும் லீவர் முழுசாக இறுகவில்லை.
டானெல் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி
லீவரைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டினான்.
ராத்திரி முழுக்க அமுங்கியே இருக்கட்டும்,
மிச்சக் காற்று தானா மேல வந்துடும்.
எங்கே தெரிந்துகொண்டாய் என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

காலையில் லீவர் கல்லாக இருந்தது.
கராஜ் வரிசைகளுக்கு நடுவே
நடக்கிற வேகத்தில் இருபது அடி.
அமுக்கினேன்.
வண்டி முன்னால் முழந்தாளிட்டு எழுந்தது;
டயரடியில் ஈரச் சரளை நொறுங்கியது.
திரும்பி வந்து மறுபடி. மறுபடி.

நேற்றுத் தெறித்த சொட்டு
டாங்க்கின் நீலத்தைத் தின்று
வெறும் தகரத்தைக் காட்டியிருந்தது.
"சாரெமா தீவு மாதிரியே இருக்கு," என்றான்,
இரண்டு காதும் வெறுமையாக.

நான் ஒரு சுற்று ஓட்டட்டுமா?
பதினைந்து வயது. கிடையாது.
அப்போ பின்னாடி?

அவன் எடையோடு நிற்குமா என்று
நான் இன்னும் பார்க்கவில்லை.
இறங்கினேன்.
நான்கு வாஷர்களையும் விரலால் தொட்டேன்.
விரலைக் காகிதத்தில் ஒற்றினேன்.
ஈரமில்லை.

ஏறு, என்றேன்.
ஏறிட்டேன், என்றான்.