பதினொரு வெள்ளைச் சீற்

ஆஸ்பத்திரி வீதி, முதலாம் மாடி.
கரண்ட் போய் வந்ததில்
கொம்பியூட்டர் மெல்ல எழும்புகிறது.

குருநகர் மரியநேசன் அண்ணை
சொப்பின் பையை மேசையில் வைத்தார்.
இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம்.
நானும் எண்ணினேன், பிறகு அவரும் எண்ணினார்.

பிஸ்னஸ் கிளாஸில் இருபத்தெட்டுச் சீற்.
பதினொன்று வெள்ளை.
"வெள்ளையெல்லாம் வெறுமையில்லை, அண்ணை.
நம்பர் எடுக்காமல் வாங்கினவையும் இருப்பினம்,
மைல்ஸ் சேத்தவையும் வரிசையில நிக்கினம்.
என்ர கணக்கில நாலு மிஞ்சும்.
பொறுத்தால் கவுண்டரில விலை விழும்.
விழாட்டில் இல்லை."

படத்தை உற்றுப் பார்த்தார்,
வலை போட முன்னம் தண்ணீரைப் பார்க்கிற கண்.
"சும்மா கிடக்கிற கடலை நம்பேலாது, தங்கச்சி.
இப்பவே போடு. ஒண்டுதான்."

"பேர்?"
மனுசியின் பாஸ்போட்டைத் தள்ளினார்.
நாரியில் கம்பி வைத்த ஆள்;
டோஹாவில் இருந்து பதினாலு மணித்தியாலம்.
அவருக்கு நாற்பத்திரண்டாம் வரிசை,
நடுச் சீற்.

ரசீது எழுதேக்க மெல்லக் கேட்டார்:
"இடையில ஒரு சீலை தொங்குமாம்.
அதை விலக்கி
ஒருக்கா எட்டிப் பாக்க விடுவினமோ?"

மிச்சம் முந்நூறு ரூபாயை நீட்டினேன்.
எண்ணாமல் பையில் போட்டார்.