பத்தியின்படி

கருப்பூர் தாண்டி ஓர் இன்ஜினியரிங் காலேஜ், மூன்றாம் மாடி.
வாசலிலேயே கொலுசைக் கழற்றச் சொன்னார்கள்.
செவ்வாய்ப்பேட்டையில் தவணைக்கு வாங்கியது.
கைக்குட்டையில் முடிந்து பையில் போட்டேன்.
நாகலூரிலிருந்து முதல் பஸ்.
இருபது கொண்டை ஊசி வளைவும்
இன்னும் வயிற்றுக்குள் திரும்பிக்கொண்டிருந்தன.

ஆங்கிலப் பகுதி. பத்தியைப் படித்து விடையளி.
காபியைப் பற்றிய பத்தி!
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
கண்காணிப்பாளர் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு.

மழை காபித் தோட்டக்காரனின் தோழன்,
எப்போது பெய்தாலும் லாபமே
என்கிறது இரண்டாம் வரி.
எழுதியவர் யாரோ.
காபியை டம்ளரில் மட்டும் பார்த்தவர்.

கேள்வி பதின்மூன்று:
பத்தியின்படி, கீழ்க்கண்டவற்றுள் எது சரி அல்ல?
'அல்ல' மட்டும் கொட்டை எழுத்தில்.

விரிந்த பூவில் விழும் மழை விளைச்சலைக் கெடுக்கும்
என்றது மூன்றாவது விடை.
கெடுக்கும்தான்.
கொரோனாவுக்கு முந்தைய வருஷம்
மலையே வெள்ளையாகப் பூத்த மறுநாள்
மூன்று மணிநேரம் கொட்டியது.
தை மாசம் கிளை கிளையாக உருவிப் பார்த்தும்
அம்மாவின் கூடை பாதிதான் நிறைந்தது.
அந்த வருஷம்தான் நான் காலேஜை விட்டேன்.

ஆனால், பத்தியின்படி?
சரியானது எது என்று கேட்கவில்லை.
சரியில்லாதது எது என்கிறான்.
அதுவும் உலகத்தில் இல்லை,
இந்தப் பதினெட்டு வரிக்குள்.
அம்மாவைக் கூடையோடு வெளியே நிறுத்திவிட்டு
மூன்றை அமுக்கினேன்.
விரல் கூசியது.

பதினான்கு: ஆசிரியரின் தொனி.
நம்பிக்கை, ஏளனம், கவலை, அலட்சியம்.
தொனி என்பது களத்தில் காயும் கொட்டை,
மேலே தொட்டால் மொறுமொறு
அடியில் கைவிட்டால் ஈரம்.
தப்பானால் கால் மார்க் போய்விடும்.
மனசு அலட்சியம் என்றது.
நம்பிக்கை என்று குறித்தேன்.

புது பஸ் ஸ்டாண்டில்
தட்டுவடை செட்டை வாயில் அடைத்துக்கொண்டு
மல்லூர் சங்கமேஸ்வரி கேட்டாள்,
"பதிமூணுக்கு என்ன போட்ட?"
"மூணு."
"ரெண்டுதானே? எது சரின்னுதானே கேட்டிருந்தான்?"
அத்தனை பெரிய 'அல்ல' அவள் கண்ணில் படவே இல்லை.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
இன்னொரு செட்டுக்குக் கை காட்டினேன்,
பீட்ரூட் தூக்கலாக.

செல்லை ஆன் செய்தால் அண்ணனின் ஒரு வரி.
பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று
நான் எழுந்து வந்து எட்டு நாள் ஆகிறது.
'வந்தா பேசலாம்.'

வா, பேசலாம் என்கிறானா.
வந்தால்தான் பேச்சு என்கிறானா.
நீ எங்கே வரப்போகிறாய் என்கிறானா.
முன்னாலும் வரியில்லை, பின்னாலும் வரியில்லை.
ஒரு முற்றுப்புள்ளி இருக்கிறது,
அவன் எப்போதும் வைக்காதது.

அடிவாரத்தில் டிரைவர் கியரை மாற்றினார்.
பத்தாவது வளைவு வரை அதையே படித்துக்கொண்டு போனேன்.
பிறகு மஞ்சு இறங்கி
ஜன்னலைச் சாத்தச் சொன்னார்கள்.
கொலுசைப் போட மறந்தது
அப்போதுதான் ஞாபகம் வந்தது.