சாய்கோடு, நட்சத்திரம்

என் மடிக்கணினியில் கடல்நீலமாய் இருந்த பக்கம்
சர்வரில் ஏறியதும் உரித்த கோழி.
மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கு நுழைவாயில் அது.
பயனர் பெயர், கடவுச்சொல், மறந்துவிட்டதா,
எல்லாம் இடது ஓரத்தில் ஒண்டி நிற்க
மீதி வெள்ளை.

முதல் சந்தேகம் சாய்கோட்டின் மேல்.
வேர் என்று நான் எழுதியது
டாம்கேட்டுக்கு ஊர்க்கோடிகூட இல்லை.
எங்கள் செயலிக்கு அங்கே முன்னால் ஒரு பெயர் உண்டு;
இனிஷியல் சொல்லாமல் கூப்பிட்டால்
ரேஷன் கடையில்கூட யாரும் எழுந்து வருவதில்லை.
சேர்த்தேன்.
நானூற்று நான்கு போனது.
கோழி அப்படியே.

அந்துவான் லாகை உருட்டிப் பார்த்துவிட்டு
"எல்லாம் இருநூறு, எதுவும் தொலையல" என்றான்.
தொலையாததை எங்கே போய்த் தேட?
அவனுக்கு முத்தியால்பேட்டை, பைக்கை எடுத்தான்.
எனக்கு மஞ்சக்குப்பம்.
ஒன்பதே கால் பேருந்தில்தான் உட்கார இடம் கிடைக்கும்.

முள்ளோடையில் வண்டி நின்றது.
புட்டி தேடும் காவலர் ஏறினார்.
என் பையில் சார்ஜர், டிபன் பாக்ஸ், ஈரக்குடை.
பின் சீட்டுக்காரியின் ஃபிளாஸ்க்கைத் திறந்து முகர்ந்தார்.
"பால் சார். புள்ளைக்கு."
"எல்லாருக்கும் ஒரே ரூல்மா."
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெண்ணையாற்றுப் பாலத்தில்தான் உறைத்தது.
லாகின் செய்யாதவரை மடக்க ஒரு ஃபில்டர்,
நான் வைத்ததுதான்,
சாய்கோடு போட்டு நட்சத்திரம் என்று.
நட்சத்திரம் என்றால் யாரும் தப்பாது.
நீலம் கொண்டுவரப் போன கோப்பையும் நிறுத்தி
அதன் கையில் அதே நுழைவுப் பக்கத்தைத் திணித்து
இருநூறு, போ, என்று அனுப்பியிருக்கிறது.
நிறம் கேட்ட உலாவி
கடவுச்சொல் பெட்டியை விரித்து வைத்துக்கொண்டு
என்ன செய்யும் பாவம்.

என் கணினியில் எப்படி வந்தது என்றால்,
அங்கே நான் எப்போதும் உள்ளே இருப்பவள்.
வெளியே நின்று பார்த்ததே இல்லை.

வீட்டில் செருப்பைக் கழற்றுமுன் மூன்று வரி.
ஸ்டைல், படம், எழுத்துரு,
இவை கேள்வியின்றிப் போகலாம்.
மேலே ஒரு குறிப்பும் எழுதினேன்:
பாலுக்கு விலக்கு.
அந்துவான் நாளைக்குக் கேட்பான். கேட்கட்டும்.

பதினொன்றரைக்கு நீலம் வந்தது.
தலைப்பில் மீன் மட்டும் வரவில்லை.
கோப்பின் பெயரில் முதல் எழுத்து பெரியது;
நான் கூப்பிட்டது சின்னதில்.
விண்டோஸ் பெரிய மனசு, கண்டுகொள்ளவில்லை.
லினக்ஸிடம் அது நடக்காது.
நம் எழுத்தில் இந்த வம்பு கிடையாது,
மீ என்றால் எங்கே நின்றாலும் மீ.
தலையெழுத்து என்று நாம் சொல்வதே வேறு.

காலையில் மாற்றலாம் என்று மூடிவைத்தேன்.
அதுவரை யாராவது திறந்து பார்த்தால்
மீன் இல்லாத இடத்தைத்
தடைக்காலம் என்று எடுத்துக்கொள்வார்கள்.