இரைகிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்

நிப்பொன்பாஷியில் மழை.
கடை மூட அரைமணி இருக்கையில்
படியேறி வந்தாள், துணிப்பையோடு.
உள்ளே மூன்று ஹெட்போன்.

காதுக்குள் நுழைவது ஒன்று. பதினாறு ஓம்.
ஊதினாலே பாடிவிடும்.
முதுகு திறந்தது இன்னொன்று. முந்நூறு ஓம்.
போனில் செருகினால்
யானைப் பசிக்குச் சோளப்பொரி.
மூன்றாவது தட்டைச் சவ்வு.
ஓம் குறைவுதான், ஆனால்
மின்னோட்டத்தை மடக்மடக்கென்று குடிக்கும்.
கனம் அரைக்கிலோ.

மூன்றுக்கும் ஒரே ஆம்ப் வேண்டுமாம்.
கோட்டுப் பையில் அடங்க வேண்டுமாம்.
நான்கோ துறைமுகத்து எடைமேடையில் இரவு வேலை.
ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில்
கேட்பதற்கு.

ஐந்து பெட்டிகளை எடுத்து வைத்தேன்.

முதலாவது முரடு.
முந்நூறு ஓமில் செருகியதும்
அதுவரை உட்கார்ந்திருந்த டபுள் பேஸ்
எழுந்து நின்றது என்றாள்.
அதையே காதுக்குள் போடுவதில் செருகினால்
குமிழை மயிரிழை திருப்பவும் இடமில்லை.
இடது காது முதலில் விழிக்கிறது,
வலது காது
போர்வைக்குள்ளிருந்து என்ன என்கிறது.

இரண்டாவதில் புருவம் சுருங்கியது.
"இரைகிறதே. உங்களுக்குக் கேட்கிறதா?"

வாங்கி என் காதில் வைத்தேன்.
தலையை ஒருபக்கம் சாய்த்து
யோசிப்பவன் போல நின்றேன்.

பதினோரு வருடம்
பச்சின்கோ கூடத்தில் இருந்தவன் நான்.
எஃகுக் குண்டுகள் கொட்டிக் கொட்டி
ஆறாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே
எல்லாவற்றையும் அரித்துக்கொண்டு போய்விட்டன.
என் இலையுதிர்காலத்தில்
சிள்வண்டு கிடையாது.
எந்தப் பெட்டியைக் கொடுத்தாலும்
எனக்குப் பரிசுத்தமான அமைதி.
முதலாளி ஹிகாஷியாமாவுக்கு இது தெரியாது.

"இரைகிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்," என்றேன்.
வாடிக்கையாளர் மேல் வைத்த மரியாதை என்று
எடுத்துக்கொண்டாள்.

சொன்னாள்.
இது, கதவைச் சாத்திக்கொண்டு யாரோ
தெம்புரா பொரிப்பது போல.
இது, இரண்டு தெரு தள்ளி
லாரி பிரேக்கின் மூச்சு.
இது தூறல். ஓடு வீட்டின் மேல் இல்லை,
மணலில்.
எழுதிக்கொண்டே வந்தேன்,
பென்சிலை நக்கி நக்கி.

கடைசிப் பெட்டி, இருப்பதிலேயே மலிவு,
வத்திப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு.
செருகிவிட்டு
வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை.
"ம்?"
"ஒன்றுமே இல்லை. பாட்டு தொடங்குமுன்
வாசிப்பவர் நாற்காலியை இழுத்துப் போடுகிறார்.
வேறு ஒன்றுமே இல்லை."

முந்நூறு ஓமுக்கும் போதியதாயிருந்தது,
நடுராத்திரிக்கு அவ்வளவு போதுமாம்.
தட்டைச் சவ்வுதான் மசியவில்லை.
குமிழைக் கடைசிவரை திருப்பினாள்.
மெத்தையில் குத்துவது போல விழுந்தது முரசு.

முரட்டுப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன்.
நகர்த்த வேண்டியது என் வேலை.
அவள் சவ்வைக் கழற்றிப் பிடரியைத் தடவிக்கொண்டாள்.
"எல்லாரும் நல்லது என்றார்கள், வாங்கினேன்.
ஒருநாளும் எனக்குப் பிடித்ததில்லை போலிருக்கிறது."
பிறகு,
"பழையது எடுப்பீர்களா?"

எடுத்தோம்.
கழித்தது போக அவள் கொடுத்தது
இரண்டாயிரத்து நானூறு யென்.
ரசீதில் பெயர் குரேபயாஷி நத்சுஹோ.
குடை விரிகிற சத்தம் கேட்டது,
அது கீழ்ச்சுருதி.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
அவள் விட்டுப்போனதை மாட்டிக்கொண்டேன்,
முரட்டுப் பெட்டியில்.
தலையில் யாரோ கை வைத்து அழுத்துகிற கனம்.
அடியிலிருந்து வந்தது பேஸ்,
வயிற்றுக்குள் மெல்ல நடந்தது.
அங்கே இன்னும் யாரும் எதையும் எடுத்துப்போகவில்லை.

மறுநாள் விலைச்சீட்டு ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டினேன்:
பொரியல். லாரி மூச்சு. மணலில் தூறல்.
மலிவான அதில் மட்டும்
நாற்காலி.

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார் ஹிகாஷியாமா.
"அடேயப்பா, என்ன காதய்யா உனக்கு!"

என்ன சொன்னார் என்று
இரண்டாம் முறை கேட்டுத்தான்
தலை குனிந்து நன்றி சொன்னேன்.