தாம்பெரேயில் ஏறியவள்

ஹெல்சிங்கியில் ஏறும்போதே
பயணச் சீட்டோடு இன்னொரு சீட்டும் நீட்டினேன்:
கெமியில் எழுப்பவும். கதவைத் தட்டிப் பயனில்லை.
விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கவும்.
நடத்துனன் படித்தான், தலையாட்டினான்,
பிறகு மெனக்கெட்டுக் குனிந்து
என் காதுக்குள் கத்தினான், சரி என்று.
எல்லாரும் ஒரு தடவையாவது அப்படிச் செய்துவிடுகிறார்கள்.

இருபத்தாறு வருடம் செய்தித்தாள் அச்சகத்தில்.
இயந்திரம் முதலில் பறவைகளை எடுத்துக்கொண்டது,
அப்புறம் 'ஸ' என்ற எழுத்தை,
அப்புறம் என் தங்கையின் குரலை.
சம்பளம் மட்டும் தேதி தவறாமல் வந்தது.

இப்போது பயணம் என்றால் ஒரு சின்னப் பை.
பட்டாணியில் பாதி அளவு பாட்டரிகள்
(குளிரில் சீக்கிரம் செத்துவிடும்,
அதனால் உள்சட்டையில், உடம்புச் சூட்டில்).
ஈரம் உறிஞ்சும் டப்பா.
தலையணைக்கு அடியில் அதிரும் கடிகாரம்.
நடைமேடை மாறினால் ஒலிபெருக்கி சொல்லுமாம்.
நான் பலகையைப் பார்ப்பேன்.
பலகை பேசாதபோது கூட்டத்தின் கால்களைப் பார்ப்பேன்.
ஒருமுறை கால்களை நம்பித்
துர்க்குவுக்குப் போய்ச் சேர்ந்தேன்.
நல்ல ஊர்தான். மீன் சூப் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

தாம்பெரே. பத்தரை தாண்டியிருந்தது.
கீழ்ப் படுக்கைக்கு ஒருத்தி வந்தாள்,
தொப்பி முழுக்கப் பனி.
மிர்யா என்று பெயர்.
மூன்றாம் முறைதான் பிடிபட்டது,
அதுவரை பிர்யா என்றே நினைத்திருந்தேன்.
உதட்டுக்குப் 'ப'வும் 'ம'வும் ஒன்று.
சத்தமில்லாமல் கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள்:
பப்பா. மம்மா.
யாரைக் கூப்பிட்டீர்கள் என்று வாய் காட்டிக்கொடுக்காது.

வெளியே ஒருவர் ஜன்னலைத் தட்டினார்,
ஏதோ சொன்னார்.
இரட்டைக் கண்ணாடி. மிர்யா கையை விரித்தாள்.
மறுபடி சொன்னார்.
அவள் காதைத் தொட்டுக் காட்டித் தலையசைத்தாள்,
நான் நாற்பது வயதிலிருந்து செய்கிற அதே சைகை.
அவள் போன் சார்ஜ் இல்லாமல் கிடந்தது.
அவர் வாயைப் பெரிதாகத் திறந்து கத்தினார், பாவம்,
கத்தினால் வாய் கோணிவிடும், படிக்கவே முடியாது.
மீசையில் வேறு பனி.
மூன்றாம் முறை களைத்துப்போய் மெதுவாகச் சொன்னார்.
அது போதும்.

"சௌனா அடுப்பை அணைத்தாயா என்கிறார்."

மிர்யா என்னைப் பார்த்தாள்.
என் காதின் பின்னால் இருந்த சாம்பல் நிறத் துண்டைப் பார்த்தாள்.
பிறகு அவர் பக்கம் திரும்பி
"இல்லை" என்று அலறினாள்.
எனக்கே கேட்டது.

வண்டி நகர்ந்தது.
அவள் பூட்ஸைக் கழற்றக் குனிந்திருந்தாள்.
அவர் கூடவே நாலு எட்டு நடந்து, நின்று,
யாரையும் பார்க்காமல்
தனக்குத்தானே ஒரு சொல் சொல்லிக்கொண்டார்.
எங்கள் மொழியில் அது
எரிகிறது என்பதற்கும்
திரும்பி வருவாள் என்பதற்கும் பொதுவான சொல்.
நல்ல காது இருந்தாலும்
அதற்கு மேல் எதுவும் கிடைத்திருக்காது.

காதுகளைக் கழற்றி டப்பாவில் வைத்தேன்.
அந்த நேரத்தை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.
குறட்டை, கதவு, அடுத்த பெட்டிக் குழந்தை
எல்லாம் வேறு யாருடைய இரவிலோ நடக்கட்டும்.
தண்டவாளம் மட்டும் மெத்தை வழியாக வந்து
இடுப்பெலும்பில் தட்டிக்கொண்டே இருந்தது.

விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது.
கெமி.
கீழே மிர்யா போர்வையை விலக்கி வாயசைத்தாள்.
அது வசவு, அதற்குப் பயிற்சி வேண்டாம்.
என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டாள்.
முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி,
முடியை ஒதுக்கி, நிதானமாகக் கேட்டாள்:
"கடைசியில் வேறு ஏதாவது சொன்னாரா?"

ஒரு காதைத்தான் போட்டிருந்தேன்.
பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு
அந்தச் சொல்லை அப்படியே கொடுத்தேன்.
எந்தப் பொருளில் என்று அவள் கேட்கவில்லை.
படியில் இறங்கும்போது
நடத்துனன் மறுபடி என் காதில் கத்தினான்,
வழுக்கும் என்று.